எழுத்துப் பிழையும் தேடுபொறியும்

மாணவன் ஒருவன் இணையத் தேடுபொறியில், ‘பல்ளி மாணவர்’ என்று எழுதுகிறான். மறுநொடியே, “‘பள்ளி மாணவர்’ என்பதையா தேடுகிறீர்கள்?” என்னும் வினா திரையில் தோன்றுகிறது. பொறி பிழையை எவ்வாறு கண்டது? தமிழாசிரியரைப் போல அதுவும் இலக்கணம் கற்றதோ? அன்று; அது எண்ணிப் பார்த்து ஊகிக்கின்றது.

எழுத்துப் பிழைகள் எண்ணற்றனவாகத் தோன்றினும், பெரும்பாலானவை நான்கு வகையுள் அடங்கும். ஓரெழுத்து மிகுதல், ஓரெழுத்துக் குறைதல், ஓரெழுத்து வேறோர் எழுத்தாதல், அடுத்துள்ள ஈரெழுத்துகள் இடம் மாறுதல் என்பன அவை. அமெரிக்க அறிஞர் பிரெடரிக் டேமரோ, தாம் ஆராய்ந்த ஆங்கிலச் சொற்பிழைகளுள் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை இவற்றுள் ஒன்று ஒருமுறை நேர்ந்ததால் விளைந்தவையே என்று 1964ஆம் ஆண்டில் காட்டினார். ஒரு தொடரை மற்றொன்றாக்க எத்தனை மாற்றங்கள் வேண்டுமோ, அவ்வெண்ணையே அவற்றின் இடைத்தொலைவாகக் கொள்ளும் முறையை உருசியக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்தார்.

‘பல்ளி’ என்பதில் லகர ஒற்றை மாற்றினால் ‘பள்ளி’ ஆகும். இறுதி எழுத்தை மாற்றினால் ‘பல்லி’ ஆகும். இரண்டும் ஒரே தொலைவில் உள்ளன. எதனைத் தேர்வது? மக்கள் எழுதிய எண்ணிறந்த தொடர்களில், ‘மாணவர்’ என்னும் சொல்லுடன் மிகுதியாக வருவது எது என்று பொறி நோக்குகிறது. பள்ளி வெல்கிறது; பல்லி தோற்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத பிழையும் உண்டு. ‘கௌரவம்’ என்று எழுதுங்கால், ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டெழுதுவோர் உளர். காண்பவர்க்கு இரண்டும் ஒன்றே. ஆனால், கணினி கையாளும் ஒருங்குறியில் ஒவ்வொரு குறிக்கும் தனி எண் உண்டு. ஆதலின், பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். அதனைத் திருத்திக் கொள்ளாத பொறி, தேடிய நூல் இருந்தும் இல்லை என்றே கூறும்.

எனினும், பொறியின் தீர்ப்பு முடிந்த தீர்ப்பன்று. இரும்பை அராவும் ‘அரம்’ என்னும் கருவியைப் பற்றி அறிய விழைவோனிடம், “‘அறம்’ என்பதையா?” என்று அது வினவக்கூடும். அரம் பிழையன்று, மிகுதியாக எழுதப்படாத சொல், அவ்வளவே. இவ்வேறுபாட்டை அறியாதவன் தன் சரியான சொல்லைக் கைவிடுவான். தேடிய பொருளையும் இழப்பான்.

மற்றொரு தீங்கும் உண்டு. பலரும் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப எழுதுவராயின், அப்பிழையே வழக்கெனப் பொறிக்குத் தோன்றும். பின்னர்ச் செம்மையாக எழுதுவோர்க்கும் அது பிழையையே பரிந்துரைக்கும். மக்களிடம் கற்றதையே பொறி மக்களுக்குத் திருப்பித் தருகின்றது.

ஆகவே, பொறி தருவது ஆணையன்று, வினாவே. அதற்கு விடையளிக்கும் கடமை எழுதுவோருடையது. லகர ளகர ழகரங்களின் வேறுபாட்டையும் ரகர றகரங்களின் வேறுபாட்டையும் உணர்ந்தவனே அவ்வினாவுக்குத் தெளிந்த விடை கூற வல்லவன். இன்று ஒருவர் பிழையின்றி எழுதும் சொல், நாளை முன்பின் அறியாத வேறொருவர்க்கு வழிகாட்டியாக நிற்கும்.