திரையில் ஒரு கோலம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பள்ளியில் கற்பிக்கப்படாத ஒரு கலையை, ஆசிரியர் எவரும் அருகில் இல்லாமல் ஒருவர் தாமே கற்றுக்கொள்ள முடியுமா? கணினி வரைகலை அத்தகைய கற்றலுக்கு இடம் தருகிறது. எண்களால் எழுதப்படும் கட்டளைகள் திரையில் படமாக விரிகின்றன. தவறான கட்டளை தவறான படமாகத் தோன்றி, கற்பவரைத் தானே திருத்துகிறது. நம் வாசற்கோலத்துக்கும் இக்கலைக்கும் உள்ள உறவையும், தாமே கற்போர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

வாசலும் திரையும்

மார்கழி விடியலில் திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்த் தெருக்கள் கோலங்களால் நிறைகின்றன. சாணம் தெளித்த வாசலில் முதலில் புள்ளிகள் விழுகின்றன. பிறகு அவற்றைச் சுற்றிக் கோடு வளைகிறது. ஒரு புள்ளி இடம் மாறினாலும் சிக்குக்கோலம் கூடாது; தொடங்கிய இடத்துக்குக் கோடு திரும்பி வராது. கோலமிடுபவருக்கு அதை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கூடாத கோலமே பிழையைக் காட்டிவிடும். அவர் அந்த வளைவை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் இடுவார்.

இதே மாவட்டத்தின் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்றது. துணியைச் சிறுசிறு முடிச்சுகளாக நூலால் கட்டிச் சாயத்தில் தோய்ப்பது சுங்குடியின் மரபான முறை. நூல் கட்டிய இடத்தில் சாயம் ஏறாததால் அங்கே வெண்புள்ளி தோன்றும். புள்ளிகளின் வரிசையே சேலையின் வடிவமாகிறது.

கணினித் திரையும் புள்ளிகளால் ஆனதே. பரவலாகப் பயன்படும் மடிக்கணினித் திரை ஒன்றில் அகலவாக்கில் 1366, உயரவாக்கில் 768 படப்புள்ளிகள் உள்ளன. அதாவது மொத்தம் 10,49,088 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 அளவுகள் உண்டு. ஆகவே ஒரு புள்ளி ஏற்கத்தக்க நிறங்கள் 1,67,77,216. எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று நிரலின் வழியே கணினிக்கு உரைப்பதே வரைகலை நிரலாக்கம்.

ஆமை கற்பித்த பாடம்

அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் முதலியோர் 1967ஆம் ஆண்டில் குழந்தைகளுக்காக 'லோகோ' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். பின்னர் அதில் 'ஆமை' ஒன்று சேர்ந்தது. 'முன்னே செல்', 'வலப்புறம் திரும்பு' என்னும் கட்டளைகளுக்கேற்ப அது நகரும்; நகரும் வழியெல்லாம் கோடு இழுக்கும். இன்று பைத்தான் மொழியிலும் அவ்வாமை இடம்பெற்றுள்ளது. பைத்தானை எவரும் விலையின்றிப் பெறலாம். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், சிற்றூர் மாணவர் பலரது வீட்டுக்குள்ளும் இத்தகைய ஆமை நுழைய வழி பிறந்தது.

வத்தலக்குண்டுச் சாலையோரச் சிற்றூர் ஒன்றில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, ஆமையைக் கொண்டு சமபக்க முக்கோணம் வரைய முனைகிறாள் எனக் கொள்வோம். அம்முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பது அவள் அறிந்ததே. ஆகவே '100 அடி முன்னே செல். 60 பாகை வலப்புறம் திரும்பு' என்பதை மூன்று முறை செய்யுமாறு கட்டளை எழுதுகிறாள். திரையில் முக்கோணம் வரவில்லை. ஒரு பக்கம் திறந்த கிண்ணம் போன்ற உருவம் வருகிறது. உற்று நோக்கினால் அது அறுகோணத்தின் பாதி. கட்டளையில் எழுத்துப்பிழை இல்லை, கணினியும் பழுதுபடவில்லை. சொன்னதைச் சொன்னபடியே அது செய்திருக்கிறது.

அவள் எழுந்து வீட்டு முற்றத்தில் முக்கோணமாக நடந்து பார்க்கிறாள். முதல் மூலையை அடைந்ததும் காரணம் விளங்குகிறது. நடப்பவர் திரும்புவது முக்கோணத்தின் உட்கோண அளவுக்கு அன்று. தாம் சென்றுகொண்டிருந்த திசையிலிருந்து விலகும் அளவுக்கு. அது வெளிக்கோணம். 180 பாகையில் 60 போக எஞ்சும் 120 பாகை. எண்ணை மாற்றியதும் முக்கோணம் மூடிக்கொள்கிறது.

அன்று அவள் கற்றது முக்கோணம் மட்டுமன்று. நாற்கோணத்துக்கு 90, ஐங்கோணத்துக்கு 72 எனப் பக்கங்கள் எத்தனையாயினும் திருப்பங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்னும் விதி அவள் கைக்கு வந்துவிட்டது. 360 முறை சிறிது நகர்ந்து ஒவ்வொரு பாகையாகத் திரும்பினால் கண்ணுக்கு வட்டம் தெரியும். ஐந்து முறை 144 பாகை திரும்பினால் ஐந்துமுனை விண்மீன் தோன்றும். ஆமை அப்போது இருமுறை முழுமையாகச் சுற்றியிருக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த தேற்றம் ஒரு பிழையின் வழியே அவளுக்குச் சொந்தமாயிற்று.

கணக்குப் பாடம் கண்பெறுதல்

அடுத்து அவள் திண்டுக்கல் மலைக்கோட்டையை வரைய விரும்பலாம். வேறொரு வரைகலைத் தொகுப்பில் அதன் வரைவடிவப் புள்ளிகளை இட்டதும் மலை தலைகீழாகத் தொங்குகிறது. கணக்கு வகுப்பில் செங்குத்து அச்சின் மதிப்பு மேல்நோக்கிப் பெருகும். வரைகலைத் தொகுப்புகள் பலவற்றில் திரையின் இடப்பக்க மேல்மூலையே தொடக்கம், மதிப்பு கீழ்நோக்கிப் பெருகும். பழைய தொலைக்காட்சிக் குழாய்களில் ஒளிக்கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடிய வழக்கத்தின் தொடர்ச்சி அது. திரையின் உயரத்திலிருந்து ஒவ்வொரு மதிப்பையும் கழித்தால் மலை நிமிர்ந்துவிடும்.

அம்மலையை முப்பரிமாணத்தில் காட்ட வேண்டுமெனில் அதன் பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைவதால் முக்கோணமே வரைகலையின் செங்கல்லாயிற்று. மலையைச் சுழற்றிக் காட்ட சைனும் கொசைனும் வேண்டும். அவற்றை ஒழுங்குபட அடுக்கிவைக்க அணிகள் வேண்டும். அம்பாத்துரை தொடர்வண்டி நிலையத்தில் நின்று நோக்கினால் இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றாவதுபோல் தோன்றும். அத்தோற்றத்தைத் திரையில் கொண்டுவர, ஒவ்வொரு புள்ளியின் கிடைமதிப்பையும் நிலைமதிப்பையும் அது விலகியுள்ள தொலைவால் வகுத்தால் போதும். தொலைவு இருமடங்கானால் உருவம் பாதியாகும்.

காலை வெயிலில் மலையின் கிழக்குச் சரிவு ஒளிர, மேற்குச் சரிவு நிழலில் கிடக்கும். ஒரு பரப்புக்குச் செங்குத்தான திசைக்கும் ஒளி வரும் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைனே அப்பரப்பின் ஒளியளவைத் தீர்மானிக்கிறது. 1760ஆம் ஆண்டில் லாம்பர்ட் வெளியிட்ட இவ்விதியே இன்றைய கணினி விளையாட்டுகளின் நிழலுக்கும் அடிப்படை. முக்கோணவியல், அணிகள், வெக்டர் ஆகியவை பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ளவையே. வரைகலை அவற்றுக்குக் கண் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

திரைப்புள்ளிகள் கட்டங்களாக அடுக்கப்பட்டவை. சாய்வான கோடு அக்கட்டங்களின்மீது சரியாகப் படியாது. கோட்டுக்கு மிக அருகிலுள்ள புள்ளியை ஒவ்வொரு படியிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னங்களைத் தவிர்த்து, முழு எண்களின் கூட்டல் கழித்தலாலேயே இதைச் செய்யும் முறையை 1962ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேக் பிரசன்ஹாம் வகுத்தார். மறு ஆண்டில் ஐவன் சதர்லேண்ட், எம்ஐடி நிறுவனத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாக 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையிலேயே வரைய அது வழிசெய்தது.

கோலத்தின் இலக்கணம்

வாசற்கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், ஆய்வாளர் கமலா கிரிதிவாசனும் இணைந்து 1974ஆம் ஆண்டில் கோலங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கணினி வரைகலைக்கான பன்னாட்டு இதழில் வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று அவர்கள் காட்டினர். சில சிறு வடிவங்களும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அமைக்கும் விதிகளும் இருந்தால், சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் முறைப்படி வளரும்.

செடிகளின் வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968ஆம் ஆண்டில் அமைத்த விதிமுறைகளைக் கொண்டு, 1980களில் பிரசெமிஸ்லாவ் புருசின்கீவிச் ஆமைவழி வரைகலையால் கோலங்களைக் கணினியில் வரைந்து காட்டினார். பள்ளி செல்லாத பாட்டியர் விரல்நுனியில் வைத்திருந்த அறிவு கணினியியலின் பாடமாயிற்று. எனவே, வரைகலை தமக்குத் தொலைவான துறை என்று தமிழ்வழி மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை.

தாமே கற்றவர், தந்து மகிழ்ந்தவர்

தமிழ் எழுத்துகளைத் திரையில் தோன்றச் செய்ததும் ஒரு வரைகலைப் பணியே. ஒவ்வோர் எழுத்தும் கணினிக்குள் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளாலும் அவற்றால் வளைக்கப்படும் கோடுகளாலும் ஆனது. இப்பணியில் முன்நின்றவர் எல்லாரும் தொழிலால் கணினி வல்லுநர் அல்லர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1990களில் 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி அனைவருக்கும் விலையின்றி வழங்கினார். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி (1953–2006), 'தேனீ' எழுத்துருவை ஆக்கித் தமிழுலகுக்கு அளித்தார். ஆர்வமே அவர்களைக் கணினியின்பால் செலுத்தியது. கற்றதைப் பிறருக்குக் கொடுத்ததால் அந்த ஆர்வம் தமிழின் செல்வமாயிற்று.

தாமே கற்பவர் உண்மையில் தனியே கற்பதில்லை. முன்னவர் திறந்துவைத்த பணிகளே அவருக்கு ஆசிரியர். முப்பரிமாணப் படங்கள் ஆக்க உதவும் 'பிளெண்டர்' மென்பொருளின் மூலநிரலைப் பொதுவுடைமையாக்குவதற்காக 2002ஆம் ஆண்டில் ஒரு லட்சம் யூரோவை ஏழே வாரங்களில் ஆர்வலர்கள் திரட்டிக் கொடுத்தனர். அம்மூலநிரலை இன்று எவரும் திறந்து படிக்கலாம்.

தனிவழியின் இடர்கள்

இவ்வழி எளிது என்று எண்ணிவிடலாகாது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தொடக்கநிலையில் தேவைப்படுபவை சில பத்துச் சொற்களே எனினும், அவற்றைப் பொருளுணர்ந்து கற்றாக வேண்டும். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பிறர் எழுதிய நிரலை வெட்டி ஒட்டினால் நொடியில் அழகிய படம் தோன்றும். அதில் ஓர் எண்ணை மாற்றச் சொன்னால் கை நின்றுவிடும். படம் இருக்கிறது, அறிவு இல்லை. ஆசிரியர் இல்லாத இடத்தில் இக்குறையைச் சுட்டிக்காட்ட எவரும் இரார்.

இதற்கு மருந்து எளிய ஒழுங்கே. நிரலை இயக்கும் முன், திரையில் எது தோன்றும் என்று வரைபடத்தாளில் வரைந்து பார்க்க வேண்டும். பிறகு இயக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். நேர்ந்த பிழையையும் அதன் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடிப்பவருக்குத் திரையே ஆசானாகும். அந்த ஆசான் கடிந்துகொள்வதில்லை. பொய்யான பாராட்டும் தருவதில்லை.

காலையில் இட்ட கோலம் மாலைக்குள் அழிந்துவிடும். மறுநாள் விடியலில் வாசல் மீண்டும் வெறுமையாகக் காத்திருக்கும். நேற்றைய கோலத்தைவிட இன்று ஒரு புள்ளி கூடுதலாக வைப்பதே அக்கலையின் வளர்ச்சி. வரைகலை கற்பவருக்கும் வழி அதுவே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டு வாசலில் இடப்படும் சிக்குக்கோலம் ஒன்றைத் தேர்ந்து, கை நகரும் முறையை 'முன்னே செல்', 'திரும்பு' என்னும் கட்டளைகளாக எழுதுக.

2. சமபக்க முக்கோணம் வரைய 60 பாகை திரும்பினால் மூடாத உருவம் தோன்றுவது ஏன் என்பதை வரைபடத்தாளில் வரைந்து விளக்குக.

3. உங்கள் ஊரில் ஒரு கலையையோ தொழிலையோ தாமே கற்றுத் தேர்ந்த ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் செய்த பிழைகளும் அவை கற்பித்தனவும் குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

4. 'பிழையே சிறந்த ஆசான்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.