"ஒண்ணுமில்லை ஆச்சி" என்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள்!

தங்கச்சிகளா, நமக்கு மனசு சரியில்லை என்றால் அழுதாவது தீர்த்துவிடுகிறோம். தம்பிக்கோ வீட்டுக்காரருக்கோ அப்பச்சிக்கோ அதே நிலை வந்தால் நம் கண்ணில் படுவது கோபமும் குடியும்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். நம் வீட்டு ஆண்கள் தாங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாமே கேட்போம், நாமே கூட்டிக்கொண்டு போவோம்.

1. அறிகுறிகளைக் கவனியுங்கள்
விடியுமுன்னே விழிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாத தலைவலி, முதுகுவலி, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், கூடிக்கொண்டே போகும் குடி, நண்பர்களின் போனைக்கூட எடுக்காமல் இருப்பது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "ஏதோ அலுப்பு" என்று தள்ளிவிடாதீர்கள்.

2. விசாரணை வேண்டாம், பேச்சு போதும்
எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், காய் நறுக்குகிற நேரத்தில் கேளுங்கள். "எப்படி இருக்கே?" என்றால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். "ராத்திரி தூங்கினியா? கடன் ஏதும் நெருக்குதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். சொல்லத் தொடங்கியதும் "உனக்கென்ன குறைச்சல்?", "ஆம்பளைப் பிள்ளை இப்படியா?" என்று குறுக்கிடாதீர்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

3. விசேஷ வீட்டில் கவசமாக இருங்கள்
சிங்கப்பூர் வேலை முடிந்து திரும்பியவனுக்கும் கடையை மூடியவனுக்கும் கல்யாண வீட்டு வளவுதான் பெரிய சோதனை. "இப்ப என்ன பண்றே? எவ்வளவு வருது?" என்று பட்டாலையில் ஆளுக்கு ஆள் கேட்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு "ஊரில்தான் இருக்கான், வாங்க, பந்திக்குப் போகலாம்" என்று பேச்சை மாற்றுங்கள். மொய் எழுதிவிட்டு அவன் சீக்கிரம் கிளம்பினால் தடுக்காதீர்கள்.

4. வெளிநாட்டில் இருப்பவரிடம்
போனில் பணம் வந்துசேர்ந்த கதையோடு முடித்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டார், அறையில் யாரோடு பேசுகிறார் என்று கேளுங்கள். ஒரு அறைத்தோழரின் எண்ணாவது உங்களிடம் இருக்கட்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஹெல்த்சர்வ் என்ற தொண்டு நிறுவனம் உதவி எண் நடத்துகிறது: 3129 5000.

5. டாக்டரிடம் கூடவே போங்கள்
"மனநல டாக்டர்" என்றதும் முறைப்பார்கள். "தூக்கம் வரலைன்னு காட்டிட்டு வருவோம்" என்று தொடங்குங்கள், அதுவும் உண்மைதானே. நம் மாவட்டத்தில், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாமிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவத்துக்குப் பதிலாக அது வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, நமக்குப் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில், வேண்டுதலால் குணமாகும் என்று மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது சிகிச்சை.

6. மாத்திரையை நடுவில் நிறுத்தவிடாதீர்கள்
மனச்சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும். "நாலு நாளாச்சு, ஒண்ணும் தெரியலை" என்று விடுவதும், தெளிந்ததும் தானாக நிறுத்துவதும் தப்பு. கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் சொல்லித்தான்.

7. சாவைப் பற்றிப் பேசினால்
"இருந்து என்ன ஆகப்போகுது" என்ற வார்த்தையைச் சும்மா விடாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனப்பாரம்தான் குறையும். தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், காசில்லை, தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குத் தண்டனை அல்ல, சிகிச்சை தருவதுதான் அரசின் கடமை.

8. உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்
எல்லாவற்றையும் ஒருத்தியே சுமக்காதீர்கள். அண்ணனையோ அம்மானையோ, நம்பிக்கையான இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு மனசு சரியில்லை என்பது கை நீட்டுவதற்கு அனுமதி இல்லை. அடி விழுந்தால் முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

14416-ஐ இப்போதே போனில் பதிந்துவையுங்கள். இதைப் படிக்கும்போது உங்கள் மனசில் ஒரு முகம் வந்திருக்குமே, அவருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.