ஃபஹாகா வளர்க்கப் போகும் தம்பிக்கு



கடிதம் கிடைத்தது. சென்னைக் கொளத்தூர் மீன் கடையில் விரல் நீள ஃபஹாகா பஃபர் ஒன்றைப் பார்த்தாய், வீட்டில் இரண்டடித் தொட்டி காலியாக இருக்கிறது, உடனே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வாங்காதே. தொட்டி, ஃபில்டர், நத்தை வளர்க்க ஒரு டப்பு, இந்த மூன்றும் தயாரான பிறகுதான் மீன்.

பஃபர் மீன்களில் பேர்போன வேட்டைக்காரன் ஃபஹாகா. நைல், நைஜர், வோல்ட்டா, செனகல் ஆறுகளிலும் சாட் ஏரிப் படுகையிலும் வாழ்கிறது. நம் கடற்கரைப் பேத்தை மீனுக்கு உறவு என்றாலும் நன்னீரிலேயே பிறந்து வளர்வது. லின்னேயஸ் 1758-லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். இயற்கையில் 43 செ.மீ. வரை வளரும், வீட்டுத் தொட்டியிலும் ஓரடியைத் தாண்டும். உன் இரண்டடித் தொட்டி கொள்வது 55 லிட்டர் சொச்சம். அதில் வளர்ந்த ஃபஹாகாவால் திரும்பக்கூட முடியாது.

முதலில் அதன் வாயைப் பார். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பல் தகடுகள் சேர்ந்து கிளி மூக்குப் போல இருக்கும். அவை ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு உடைத்துத் தின்றால்தான் தேயும். தேயாவிட்டால் வாய் திறக்க முடியாமல், எதிரே தீனி கிடக்கப் பட்டினியில் சாகும். அதனால் பசிக்கு மட்டும் தீனி போட்டால் போதாது, பல்லுக்கும் சேர்த்துப் போட வேண்டும். நான் சொல்லப் போகும் மற்ற எல்லாமே இந்த வாயிலிருந்துதான் வருகிறது.

நத்தைதான் இதற்கு முதல் உணவு. மீனுக்கு முன்பே நத்தை வளர்ப்பைத் தொடங்கு என்று சொல்வது அதனால்தான். மாடியில் ஒரு டப்பில் ராம்ஸ்ஹார்ன் நத்தைகளை விடு, கீரைத்தண்டு போடு, ஓடு கெட்டிப்பட ஒரு கணவாய் ஓட்டையும் உள்ளே போட்டு வை. மீன் பெரிதானதும் ஆப்பிள் நத்தை வேண்டியிருக்கும். வயலில் கிடைப்பதை அப்படியே அள்ளிப் போடாதே. பூச்சிமருந்து அடித்த வயலில் எடுத்த ஒரு நத்தை மீனைக் கொன்றுவிடலாம். வயல் நண்டு கொடுத்தாலும் இடம் தெரிந்து வாங்கு, கொடுக்கை ஒடித்துவிட்டுக் கொடு. மீன் சந்தையில் ஓட்டோடு மட்டி, தலையும் ஓடும் நீக்காத இறால், நண்டுக்கால் கிடைக்கும். மண்புழுவும் நல்ல உணவு. இறாலையே தினமும் போடுவது எளிது, ஆனால் கூடாது. இறாலிலும் சில மட்டி வகைகளிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். நாள்பட்டால் மீனின் நரம்பைத் தாக்கும். தீனிக்கென்று கடையில் விற்கும் கோல்டுஃபிஷ் குஞ்சுகளிலும் இதே நொதி உண்டு. நோயும் கூடவே வரும், பல்லும் தேயாது. மீன் மீனைப் பிடிப்பதை நண்பர்களுக்குக் காட்டவேண்டும் என்பதற்காக அதை வாங்காதே.

குட்டிக்குத் தினமும் கொடு. அரையடி வளர்ந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முழு வளர்ச்சிக்குப் பிறகு வாரம் இரண்டு மூன்று முறை போதும். உன்னைக் கண்டதும் கண்ணாடியோரம் மேலும் கீழும் அலைந்து கேட்கும்; ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் மீன் இது. மனம் இளகி அள்ளிப் போட்டால் கல்லீரலில் கொழுப்பு சேரும். தின்றபின் வயிறு லேசாக உருண்டிருந்தால் அளவு சரி.

இவ்வளவு இறைச்சி தின்னும் மீன் அவ்வளவு கழிவும் போடும். அதனால் தொட்டி பெரிதாக வேண்டும்: நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், அதாவது 450 லிட்டர், இதுதான் குறைந்தபட்ச அளவு. ஐந்தடி, ஆறடி முடிந்தால் நல்லது. அகலத்தில் மட்டும் கஞ்சம் பிடிக்காதே. தண்ணீர், கண்ணாடி, மணல் சேர்ந்தால் எடை 600 கிலோவைத் தொடும். மாடி வீடு என்றால் தரை தாங்குமா என்று கட்டடம் தெரிந்தவரிடம் கேள். பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் போடு. மீன் இல்லாமல் அம்மோனியா சொட்டு விட்டு, நுண்ணுயிர்கள் பெருகும்வரை நான்கு முதல் ஆறு வாரம் ஓட்டு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். அதன்பின் வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்று, குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கி. 24 முதல் 28 டிகிரி ஏற்றது. சென்னைக் கோடையில் தண்ணீர் 30-ஐத் தாண்டும், ஆக்சிஜன் குறையும். மேலே மின்விசிறி வை, கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் வை.

அடியில் நுண்மணல் போடு. கண் மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடப்பது இதன் பழக்கம். செதில் இல்லாத தோல், கூர்க்கல் கிழித்துவிடும். செம்பு கலந்த மருந்துகளையும் அந்தத் தோல் தாங்காது.

கூட வேறு மீன் வேண்டாம், இன்னொரு ஃபஹாகாவும் வேண்டாம். சில மாதம் ஒத்துப்போவது போலத் தெரியும். பிறகு ஒரு காலையில் துடுப்பும் வாலும் இல்லாத உடல் கிடக்கும். உன் விரலையும் கடிக்கும், தொட்டிக்குள் கை விடும்போது ஜாக்கிரதை. இடம் மாற்றும்போது வலையால் தூக்காதே. தண்ணீருக்கு வெளியே காற்றை விழுங்கி உப்பினால் வெளியேற்றத் திணறும். தண்ணீரோடு டப்பாவில் முகந்து எடு. படம் எடுக்க அதை உப்பவைப்பது கொடுமை.

இதற்கெல்லாம் இடமில்லையென்றால் மனம் தளராதே. கேரளத்துப் பம்பை, சாலக்குடி ஆறுகளின் குள்ள பஃபர் 3 செ.மீ. அளவுதான், அதுவும் நத்தை தின்னும், உன் இரண்டடித் தொட்டியில் நன்றாக வாழும். ஆற்றில் அருகி வரும் இனம் என்பதால் தொட்டியில் பொரித்த குஞ்சா என்று கேட்டு வாங்கு.

எதை வாங்கினாலும், வளர்க்க முடியாத நாளில் ஏரியில் கொண்டு விட்டுவிடாதே. எனக்கு எழுது, சேர்ந்து ஒரு வீடு தேடுவோம்.

அன்புடன்,
அண்ணன்