நிழலின் விளிம்பு



எக்ஸ்ரே படம் என்பது எலும்பின் நிழல்தான். இன்றிரவு டியூப்லைட்டின் கீழே ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதற்கு இரண்டு அங்குலம் மேலே ஒரு பென்சிலைப் பிடித்துப் பாருங்கள். விளக்குக்கு இணையாகப் பிடித்தால் நிழல் தெளிவாக விழும். குறுக்காகப் பிடித்தால் நிழல் கலைந்து ஏறக்குறைய மறைந்தே போகும். விளக்கின் அளவோடு அதன் வடிவமும் நிழலைத் தீர்மானிக்கிறது.

எக்ஸ்ரே குழாயில் விளக்காக இருப்பது, டங்ஸ்டன் தகட்டின்மேல் எலக்ட்ரான்கள் வந்து மோதுகிற சிறு இடம். இதைக் குவியப்புள்ளி என்பார்கள். மோதும் ஆற்றலில் ஏறக்குறைய 99 விழுக்காடு வெப்பமாகவே போய்விடுகிறது. ஆகவே புள்ளியைச் சிறிதாக்கினால் படம் தெளியும், தகடோ உருகிப்போகும்! 1918-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ கெட்சே இதற்கு வழி கண்டார். எலக்ட்ரான்கள் 1 மி.மீ. அகலமும் 4 மி.மீ. நீளமுமான பட்டையாக விழட்டும். தகட்டின் முகம் சாய்ந்திருக்கட்டும். சாய்வு 15 பாகை என்றால், நோயாளியின் பக்கமிருந்து பார்க்கையில் அந்தப் பட்டை 1 மி.மீ. சதுரமாகவே தெரியும். வெப்பமோ நான்கு மடங்கு இடத்தில் பரவும். டியூப்லைட்டை அதன் முனைப்பக்கமிருந்து பார்த்தால் குட்டையாகத் தெரிவதில்லையா, அதே கதைதான். 1929-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் பௌவர்ஸ் தகட்டையே சுழலவிட்டார். வெப்பம் இன்னும் அதிக இடத்தில் பரவியது.

இன்னொரு குறை உண்டு. எலக்ட்ரான்கள் பட்டை முழுதும் சமமாக விழுவதில்லை. இரு ஓரங்களிலும் அதிகமாகச் சேர்வதுண்டு. அப்போது விளக்கு ஒன்று, இரண்டு கோடுகள்போல் ஆகிவிடும். மெல்லிய கம்பிகூடப் படத்தில் இரண்டாகத் தோன்றலாம். இழையைச் சூழ்ந்த கிண்ணத்துக்குக் கூடுதல் எதிர்மின்னழுத்தம் கொடுத்து இந்தக் கற்றையை ஒடுக்குகிறார்கள்.

இதையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் எங்கள் எக்ஸ்ரே அறைத் தம்பி. ஒருநாள் பனையேறி ஒருவர் விழுந்து, மணிக்கட்டு வலியோடு வந்தார். முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஐயா, இது பெரிய இழையில் எடுத்தது, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லி, சிறிய இழைக்கு மாற்றி மறுபடி எடுத்தார். படகெலும்பில் மயிரிழைபோல ஒரு விரிசல்! அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம். பிறகு அந்தக் கை மரத்தைப் பற்றாது. மாவுக்கட்டுப் போட்டு, அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்பினோம்.