வழக்கமும் நாணமும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் என்னும் ஏரிக்குத் தெற்கே, இருப்புப்பாதையை அடுத்து அமைந்த குடியிருப்புப் பகுதி லேக் கார்டன்ஸ் ஆகும். 1920-களில் சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கப்பட்ட அவ்வேரி, 1958-இல் கவிஞர் தாகூரின் பெயரைப் பெற்றது. அருகிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வாழையிலையும் பூச்சரமும் காப்பித்தூளும் அங்குத் தட்டின்றிக் கிடைக்கும்.

இவ்வீதிகளில் ஒருநாள் நிகழ்வனவற்றைக் கூர்ந்து நோக்குவோர் சிலவற்றைத் தவறாமல் காண்பர். சிவப்பு விளக்கு பச்சையாகும் முன்னரே, பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலிப்பான்களை அலறவிடும். வெற்றிலைச் சாற்றை நடைபாதையோரம் உமிழ்ந்துவிட்டு ஒருவர் தம் பேச்சைத் தொடர்வார். தொடர்வண்டியில் அமர்ந்திருப்பவர் தம் கைப்பேசிப் பாடலைப் பெட்டி முழுவதும் கேட்கச் செய்வார். இவர்களுள் எவரும் தீயவர் அல்லர். பிறரும் செய்கின்றனர்; ஆகவே இவர்களும் செய்கின்றனர். பலரும் செய்வது என்பதே ஒரு செயலுக்கு உரிமமாகி விடுகிறது.

புகைபிடித்தலுக்கும் ஒருகாலத்தில் இவ்வுரிமம் இருந்தது. பேருந்து, அலுவலகம், மருத்துவமனைத் தாழ்வாரம் என எங்கும் புகைத்தனர். விருந்தினர் வந்தால் சாம்பல் கிண்ணத்தை எடுத்து வைப்பது வீட்டாரின் பண்பாகக் கருதப்பட்டது. 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடித்தலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2001-இல் உச்சநீதிமன்றமும் அவ்வாறே ஆணையிட்டது. நடுவண் அரசின் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. தண்டத்தொகை இருநூறு ரூபாய்தான். அச்சிறுதொகைக்கு அஞ்சி ஒரு தலைமுறையே திருந்தியது எனக் கூறுதல் பொருந்தாது. அருகில் அமர்ந்திருப்பவரின் முகச்சுளிப்பே பெரிதும் வேலை செய்தது. சட்டம் செய்த உதவி, முகம் சுளிப்பவர்க்குத் துணிவைத் தந்தமையாகும்.

உமிழ்தலைப் பொறுத்தவரை அம்முகச்சுளிப்பு இன்னும் போதிய அளவு பிறக்கவில்லை. 1943-இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் புயலையும் நாள்தோறும் கடக்கும் இலக்கக்கணக்கான மக்களையும் தாங்கி நிற்கிறது. ஆயினும் வழிப்போக்கர் உமிழ்ந்த பான் சாறு அதன் தொங்கு கம்பங்களின் அடிப்பகுதியை அரித்தது. துறைமுகப் பொறியாளர்கள் அவ்விடங்களுக்குக் கண்ணாடியிழையால் உறையிட நேர்ந்தது. ஒலியின் வரலாறு சற்று வேறுபட்டது. ஒலிபெருக்கியின் ஓசையைக் கேட்க விரும்பாதவரைக் கேட்கும்படி வற்புறுத்த எவர்க்கும் உரிமையில்லை என்னும் கருத்தைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1996-லேயே நிலைநாட்டியது. 2000-ஆம் ஆண்டின் நடுவண் விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்தன. விதி இருக்கிறது; நாணம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு வழக்கம் இழிவெனக் கருதப்படும் நிலையை எவ்வாறு அடைகிறது, அடையும்போது யார் அதன் விலையைக் கொடுக்கின்றனர் என்பதைக் கொல்கத்தாவின் கை ரிக்‌ஷா தெளிவாகக் காட்டும். ஜப்பானில் 1860-களின் இறுதியில் தோன்றிய அவ்வண்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகரை அடைந்தது. இங்கு வாழ்ந்த சீனர்கள் முதலில் சரக்கேற்றவே அதனைப் பயன்படுத்தினர். பயணிகளை ஏற்றுவதற்கு 1914-இல் அவர்கள் அனுமதி கோரினர். 1919-ஆம் ஆண்டின் வாடகை வண்டிச் சட்டம் அதற்கு ஒழுங்குமுறை வகுத்தது. பல்லக்கில் சென்றவர்கள் ரிக்‌ஷாவுக்கு மாறியதை அக்காலத்தவர் முன்னேற்றம் என்றே எண்ணியிருத்தல் கூடும். பலர் தோளில் சுமந்ததை இப்போது ஒருவர் கையால் இழுத்தார் அல்லவா?

இழுப்போருள் பெரும்பாலோர் பீகார், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். 'டேரா' எனப்படும் கொட்டகைகளில் வண்டிகளோடு தாமும் தங்குவர். பலர் வண்டியைச் சொந்தமாக உடையவரல்லர். உரிமையாளர்க்கு நாள்வாடகை செலுத்திய பின்பு எஞ்சுவதே கூலி. நிலத்தை மீட்கப் பணம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து ரிக்‌ஷா இழுக்கும் உழவரின் துயரை, பிமல் ராய் இயக்கிய 'தோ பீகா ஜமீன்' என்னும் இந்தித் திரைப்படம் 1953-லேயே நாடறியச் செய்தது. அப்படத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் வீடு திரும்பும்போது ரிக்‌ஷாவிலேயே ஏறியிருத்தலும் இயலாததன்று. இரக்கம் வேறு, நாணம் வேறு. இரக்கம் இழுப்பவரை நோக்குவது. நாணம் ஏறி அமர்ந்திருக்கும் தன்னை நோக்குவது.

2005 ஆகஸ்டு 15 அன்று, மேற்கு வங்க முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா, கை ரிக்‌ஷா ஒழிக்கப்படும் என அறிவித்தார். மனிதனை மனிதன் இழுப்பது நாகரிக நகருக்கு ஏற்றதன்று என்பது அரசின் நிலைப்பாடு. 2006 டிசம்பரில் சட்டமன்றம் அதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது. இழுப்போர் அதனை வரவேற்கவில்லை. அவர்தம் சங்கத்தினர் தெருவில் இறங்கிப் போராடினர், வழக்கும் தொடரப்பட்டது. இழிவு நீங்குவதை எதிர்ப்பார் உண்டோ என வியப்பவர்கள், அவர்கள் முன்வைத்த வாதத்தைச் செவிமடுத்தல் வேண்டும். தொழிலை எடுத்துவிட்டால் ஊரிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பும் பணம் நின்றுபோகும். ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு வேறு வேலை கிடைப்பதும் அரிது. புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டன. பழைய வண்டிகள் மட்டும் ஓடலாயின. மழைக்காலத்தில் வட, நடுக் கொல்கத்தாவின் தெருக்களில் முழங்கால் அளவு நீர் தேங்கும்போது, மகிழுந்து நின்றுவிடும். கை ரிக்‌ஷா ஒன்றே நகரும். பள்ளிக் குழந்தைகளும் நோயாளிகளும் அதில் ஏறிச் செல்வர்.

மனச்சான்று உறுத்தும் ஒருவர் ரிக்‌ஷாவில் ஏறாமல் நடந்து செல்கிறார் எனக் கொள்வோம். அவருடைய மனம் அமைதியடைகிறது. இழுப்பவருக்கோ அன்றைய கூலி குறைகிறது. நாணத்தின் பயனை ஒருவர் பெற, அதன் செலவை மற்றொருவர் ஏற்கும் இந்நிலை நேரியது எனக் கூற இயலாது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இதனோடு ஒப்பிடத்தக்கது. 1973-இல் முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுத்துவந்தோர்க்கு மிதி ரிக்‌ஷாக்களை வழங்கியது. மிதி ரிக்‌ஷாவும் மனித உழைப்பே. முதுகு வளைவது முற்றிலும் நீங்கவில்லை. எனினும் பழைய வண்டியை விட்டவர் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பவில்லை. 1980-இல் பஞ்சாப் மிதி ரிக்‌ஷா தொழிலாளர் வழக்கிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. தொழிலாளர் தாமே வண்டிக்கு உரிமையாளராக வங்கிக் கடன் பெறும் திட்டத்தை உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தம் தீர்ப்பில் இணைத்தார். மகாராட்டிரத்தின் மாதேரான் மலையூரில் எஞ்சியிருந்த கை ரிக்‌ஷாக்களை ஆறு மாதங்களுக்குள் நிறுத்துமாறு 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இழுப்போர்க்கு மின்கல ரிக்‌ஷாக்களை வழங்க வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்தே கூறியது.

லேக் கார்டன்ஸை ஒட்டிய ஏரியிலும் ஒரு வழக்கம் அண்மையில் இடம் மாறியது. சத் பூசையின்போது பல்லாயிரவர் ரவீந்திர சரோவரில் இறங்கிக் கதிரவனை வழிபடுவர். பூவும் எண்ணெயும் பிற பொருள்களும் நீரில் கலந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குச் சடங்குகளைத் தடை செய்தது. 2019-இல் பூட்டிய வாயிலை உடைத்துக்கொண்டு சிலர் உள்ளே புகுந்தனர். 2020-இல் தடையைத் தளர்த்த உச்சநீதிமன்றமும் மறுத்தது. அதன்பின் பூசை நாள்களில் ஏரி மூடப்படுகிறது. மக்கள் செல்வதற்கு வேறு குளங்களிலும் படித்துறைகள் அமைக்கப்பட்டன. பக்தி எவ்வகையிலும் குறையவில்லை. மாற்று இடம் ஆயத்தமாக இருந்தமையே தடையின் கடுமையைத் தணித்தது.

சொற்களுக்கும் இதே விதி பொருந்தும். உடற்குறை உடையோரைச் சுட்ட முன்னர் எழுத்திலும் பேச்சிலும் தயக்கமின்றி வழங்கிய பல சொற்களை இன்று எவரும் மேடையில் கூறத் துணியார். 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. 'திருநங்கை' என்னும் சொல்லும் அவ்வாறு வந்ததே. சபையில் சொல்லத்தகாததை வேறு சொல்லால் கூறுதலைத் தமிழிலக்கணம் 'இடக்கரடக்கல்' என்கிறது. இங்கு நிகழ்ந்தது அதனின் வேறானது. அங்கே மறைக்கப்பட்டது ஒரு பொருள். இங்கே விலக்கப்பட்டது ஓர் இகழ்ச்சி.

இனி எவை இழிவெனக் கருதப்படும்? கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குதல் அவற்றுள் முதன்மையானது. 1993-லும் 2013-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் அதனைத் தடை செய்தது. சில நாள்களிலேயே கொல்கத்தாவை அடுத்த பாந்தலா தோல் தொழில் வளாகத்தில் கழிவுநீர்ப் பாதையில் இறங்கிய தொழிலாளர் மூவர் இறந்தனர். ஆயினும் அடைப்பு நீங்கினால் போதும் என எண்ணும் வீட்டார், உள்ளே இறங்குபவர் யார் என வினவுவதில்லை.

மற்றொன்று வீட்டுக்குள் இருப்பது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைப்பது குற்றம் என்பதை இன்றைய மாணவர் அறிவர். அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததையும் படித்திருப்பர். ஆனால் பெருநகர அடுக்ககங்கள் சிலவற்றில் பணிப்பெண் ஏறுவதற்கு வேறு மின்தூக்கி உண்டு. அவர் அமர்வதற்கு நாற்காலி இராது, தரைதான். கடையில் இருந்தால் குற்றமாகும் குவளை, வீட்டில் இருக்கும்போது வழக்கம் எனப் பெயர் பெறுகிறது. கூலி உயர்வு கேட்டால் வேலையை இழக்க நேரும் ஒருவர், குவளையைப் பற்றிக் கேட்பார் என எதிர்பார்த்தல் இயலாது. அதனைக் கேட்கத்தக்கவர் அவ்வீட்டின் பிள்ளைகளே. அலமாரியின் கீழ்த்தட்டில், மற்றப் பாத்திரங்களோடு சேராமல், அத்தம்ளர் இன்றும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

சொற்பொருள்

தண்டத்தொகை – அபராதம்
உமிழ்தல் – துப்புதல்
செவிமடுத்தல் – கேட்டல்
ஆயத்தம் – முன்னேற்பாடு

பயிற்சி

1. 'இரக்கம் வேறு, நாணம் வேறு' என்னும் தொடரைப் பாடப்பொருள் கொண்டு விளக்குக.

2. கை ரிக்‌ஷா ஒழிப்பில் தமிழ்நாடும் மேற்கு வங்கமும் மேற்கொண்ட வழிகளை ஒப்பிடுக.

3. திருக்குறளில் 'நாணுடைமை' அதிகாரத்தைப் படித்து, அதில் கூறப்படும் நாணம் எத்தகையது என இரண்டு தொடர்களில் எழுதுக.

4. வீட்டிலுள்ள முதியவரிடம், அவர் இளமையில் இயல்பாக இருந்து இன்று எவரும் செய்யாத செயல் ஒன்றைக் கேட்டறிந்து ஒரு பத்தியில் எழுதுக. அது மறைந்தபோது எவரேனும் பிழைப்பை இழந்தனரா என்பதையும் குறிப்பிடுக.