பேரிங் போடுவதற்கு முன் சொல்லிவிடு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ, வீட்டில் பாட்டிக்கு அறுவைச் சிகிச்சை. இதற்கு நடுவில் இணையத்தில் மூன்று செஸ் போட்டிகளில் பெயர் கொடுத்திருக்கிறாய். இப்போது விலகினால் பயந்து ஓடிவிட்டாள் என்பார்களா என்று கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டார்கள். அப்படியே யாராவது சொன்னாலும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நேரம் இல்லாதபோது விலகுவது சரியான முடிவுதான். ஆனால் விலகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதை நம் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. உன் நிலையில் பலர் இருப்பதால் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

பிரக்ஞானந்தாவை நீயே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறாய், அதிலிருந்தே தொடங்குகிறேன். 2022 மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையப் போட்டியின் அரையிறுதியில் அவர் அனிஷ் கிரியை வென்று முடித்தபோது சென்னையில் இரவு இரண்டு மணி. காலை எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார். பதினொன்றாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பிறகு இறுதிச் சுற்றில் டிங் லிரனோடும் ஆடினார். நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அதற்காக அதை உன் அளவுகோலாக்கிக்கொள்ளாதே. அவர் 2018இலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர், செஸ்தான் அவருடைய வாழ்க்கை. அந்தப் போட்டியும் சில நாட்களில் முடிந்துவிட்டது. உன் லீக் வாரத்துக்கு ஒரு சுற்று என்று இரண்டு மாதம் இழுக்கும். உனக்குச் செஸ் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், இந்த இரண்டு மாதம் உன் வேலைக்கும் பாட்டிக்கும் உரியது.

மூன்று போட்டிகளையும் ஒரே மாதிரி நினைக்காதே. சனிக்கிழமை இரவு நீ ஆடும் லிசெஸ் தளத்தின் அரினாப் போட்டிக்கு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அரினாவில் அந்த நேரத்தில் யார் காத்திருக்கிறார்களோ அவர்களுக்குள் ஆட்டம் அமைகிறது. கையில் இருக்கும் ஆட்டத்தை முடித்துவிட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டால் அடுத்தவருக்கு எந்த நட்டமும் இல்லை. அதை விட்டுவிடுவோம்.

லீக் அப்படியில்லை. அது ஸ்விஸ் முறை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஆர்பிட்டர், அதாவது போட்டி நடுவர், பேரிங் போடுகிறார்: யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல். ஒரே புள்ளியில் இருப்பவர்கள் முடிந்தவரை மோத வேண்டும், ஏற்கெனவே ஆடியவர்கள் மறுபடி மோதக் கூடாது, வெள்ளை கறுப்பு நிறங்களும் சமமாக வர வேண்டும். பேரிங் வருவதற்கு முன் விலகினால் உன் பெயர் பட்டியலிலிருந்து போகும், மற்றவர்களுக்குள் பேரிங் சரியாகவே அமையும். ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் கீழ்வரிசையில் ஒருவருக்கு பை, அதாவது ஆடாமலே புள்ளி, கிடைக்கும். அதுவும் விதிப்படி நடப்பதுதான். பேரிங் வந்த பிறகு நீ வராமல் போனால் கதை வேறு. உன் எதிராளி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை ஒதுக்கி, உன் பழைய ஆட்டங்களைப் பார்த்து, நீ ஆடும் காரோ-கான் தொடக்கத்துக்கு ஒரு வரிசையைத் தயார்செய்து, திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார். உன் கடிகாரம் ஓடி முடியும்வரை காத்திருந்து ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு எழுந்து போவார். அந்தப் புள்ளியில் அவருக்கு ரேட்டிங்கும் ஏறாது, ஒன்றும் கற்றுக்கொண்டிருக்கவும் மாட்டார். ஒரு வாரம் வீணாகிறது, அவ்வளவுதான். லிசெஸ் தன்னுடைய ஸ்விஸ் போட்டிகளில் சொல்லாமல் வராதவர்களை அடுத்த போட்டிகளில் சேரவிடாமல் கொஞ்ச காலம் நிறுத்திவைப்பது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் யோசிக்காதது. சமப் புள்ளியில் இருப்பவர்களை வரிசைப்படுத்தும் கணக்குக்கு டைபிரேக் என்று பெயர். இதுவரை உன்னோடு ஆடியவர்களின் டைபிரேக் உன் புள்ளியையும் நம்பியிருக்கிறது. அதில் ஒரு வகையான பக்ஹோல்ஸ் என்பது எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல். நீ மூன்றாம் சுற்றோடு நின்றுவிட்டால் உன் புள்ளி அங்கேயே நிற்கும். உன்னை வென்றவரின் வெற்றிக்கு மதிப்புக் குறையும். ஆடாத சுற்றுகளை ஈடுகட்ட விதிகளில் வழி இருக்கிறது, ஆனால் முழுவதும் ஈடாகாது. அதனால் முதலில் ஆர்பிட்டரிடம் கேள்: முழுவதும் விலகாமல் ஒன்றிரண்டு சுற்றுகளுக்கு மட்டும் அரைப் புள்ளி பை கிடைக்குமா என்று. பல லீகுகளில் முன்கூட்டியே கேட்டால் தருவார்கள், கடைசிச் சுற்றுகளில் மட்டும் பெரும்பாலும் தர மாட்டார்கள். இன்டர்வியூ வாரத்துக்கு ஒரு பை, அறுவைச் சிகிச்சை வாரத்துக்கு ஒரு பை என்று சமாளிக்க முடிந்தால் விலகவே தேவையில்லை. முடியாது என்று உனக்கே தெரிந்தால் இழுத்தடிக்காமல் விலகிவிடு. பார்க்கலாம், எப்படியாவது ஆடிவிடலாம் என்று நினைத்து நினைத்து ஐந்தாவது சுற்றில் காணாமல் போவதைவிட இப்போதே போவது நல்லது.

உன் லீக் ஸ்விஸ்தான், ஆனால் ரவுண்ட் ராபினில் பாதியில் விலகுவதன் விளைவு இன்னும் கடுமை. எல்லாரும் எல்லாரோடும் மோதும் அந்தப் போட்டியில் ஒருவர் பாதிக்குக் குறைவாக ஆடிவிட்டு விலகினால் அவருடைய ஆட்டங்கள் இறுதிக் கணக்கில் சேராது. பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் மீதி ஆட்டங்களின் புள்ளி எதிராளிகளுக்குப் போகும். 1967இல் துனிசியாவின் சூஸ் நகரில் நடந்த இன்டர்ஸோனல் என்ற உலகப் பட்டத் தகுதிப் போட்டியில் பாபி ஃபிஷர் பத்து ஆட்டங்களில் எட்டரைப் புள்ளியோடு முன்னணியில் இருந்தார். ஆட்ட அட்டவணை பற்றி அமைப்பாளர்களோடு ஏற்பட்ட தகராறில் வெளியேறினார். பாதிகூட ஆடாததால் அவர் ஆடியது அத்தனையும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அவரிடம் பாடுபட்டு டிரா எடுத்தவர்களின் அரைப் புள்ளியும் அதோடு போயிற்று. ஒருவர் எழுந்து போனால் பட்டியல் முழுவதும் அசைகிறது.

உன் மூன்றாவது போட்டி, நாளுக்கு ஒரு நகர்வு என்று ஓடும் அந்தத் தினசரிப் போட்டி. உன்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன். செஸ்.காமில் ஒரே சமயத்தில் பதினான்கு ஆட்டங்கள் திறந்து வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றும் நீ எங்கே போனாலும் பின்னால் வருகிறது. அங்கே விடுமுறை வசதி இருக்கிறது, போட்டி விதி அனுமதித்தால் அதை எடுத்துக்கொண்டு மூச்சு விடு. விடுமுறை முடிந்தும் ஆட முடியாது என்று தெரிந்தால் இரண்டு காரியங்களைச் செய்யாதே. ஒன்று, எல்லா ஆட்டத்தையும் அப்படியே போட்டுவிட்டு நேரம் தீரவிடுவது. உன் டைம் அவுட் விகிதம் ஏறும், நாளைக்கு நல்ல போட்டிகள் உன்னைச் சேர்க்காது. எதிரில் இருப்பவர்களும் ஜெயிக்கும் நிலையை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உன் நகர்வுக்குக் காத்திருப்பார்கள். இரண்டு, ஒரு ராத்திரி கோபத்தில் எல்லாவற்றையும் ரிசைன் செய்து தள்ளுவது. சுத்தமாக முடித்த மாதிரி தோன்றும், ஆனால் அது நேர்மையான முடிவு அல்ல. நீ ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் ஒருவருக்கு இலவசமாகப் புள்ளி போகிறது, அவரோடு போட்டி போடுகிறவருக்கு அது கிடைக்கவில்லை. உன் ரேட்டிங்கும் உன் உண்மையான பலத்துக்குக் கீழே சரியும். நீ திரும்பி வரும்போது உன்னைவிட உண்மையிலேயே குறைந்தவர்கள் உன்னிடம் மாட்டி அடிவாங்குவார்கள்.

தோற்றுவிட்ட நிலைகளை ரிசைன் செய். சமமாக இருப்பவற்றில் டிரா கேட்டுப் பார். மீதியைப் போட்டி நடத்துபவரிடம் ஒப்படைத்து என்ன செய்யலாம் என்று கேள். அஞ்சல்வழிச் செஸ் அஞ்சலட்டையில் நடந்த காலத்திலேயே பாதியில் விலகுவது பெரிய சிக்கல். 1951இல் தொடங்கிய அனைத்துலக அஞ்சல்வழிச் செஸ் கூட்டமைப்பின் விதிகளில், காரணத்தைச் சொல்லி விலகுபவர் வேறு, பேச்சே இல்லாமல் மறைந்துபோகிறவர் வேறு. இரண்டாமவருக்குத்தான் தண்டனை.

காரணத்தை ஏன் சொல்ல வேண்டும், அது என் வீட்டு விஷயம்தானே என்று கேட்பாய். விவரம் வேண்டாம், ஒரு வரி போதும். சொல்லாமல் விட்டால் மற்றவர்கள் ஒரு காரணத்தைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். 2022 செப்டம்பரில் சிங்க்ஃபீல்ட் கோப்பையின் மூன்றாம் சுற்றில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற மேக்னஸ் கார்ல்சன், மறுநாள் காரணம் சொல்லாமல் விலகினார். நீமன் நேர்மையாக ஆடவில்லை என்ற தம் ஐயத்தை அவர் எழுத்தில் வைத்தது அந்த மாதக் கடைசியில்தான். இடைப்பட்ட வாரங்களில் உலகம் முழுவதும் யூகித்தது, அத்தனை யூகமும் கடைசியாக அவரோடு ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் மேல் போய் விழுந்தது. இணையத்தில் இது இன்னும் சுலபம். அங்கே எஞ்சின் பார்த்து ஆடினாரோ என்ற சந்தேகம் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவரிடம் தோற்ற மறுநாள் நீ மறைந்துபோனால், அவர் மேல் உனக்குச் சந்தேகம் என்று நாலு பேர் பேசுவார்கள். உன் எதிராளியை அந்த நிலையில் விடாதே.

தைமூர் ரஜபோவ் செய்தது எனக்குப் பிடிக்கும். 2020 மார்ச்சில் யெகாதெரின்பர்க்கில் கேண்டிடேட்ஸ் என்ற உலகப் பட்டத் தகுதிப் போட்டி தொடங்குவதற்கு முன்பே, தொற்று பரவுவதால் தள்ளிவையுங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை, விலகினார். முதல் சுற்றுக்கு முன் சொன்னதால் அவர் இடம் மாக்சிம் வாஷியே-லக்ராவுக்குப் போனது. ஏழு சுற்று முடிந்து போட்டி நிறுத்தப்பட்டபோது முன்னணியில் இருந்த இருவரில் வாஷியே-லக்ராவும் ஒருவர். ரஜபோவுக்கு 2022 மாட்ரிட் கேண்டிடேட்ஸில் இடம் கொடுத்தார்கள், அங்கே மூன்றாவதாக வந்தார். எல்லாருக்கும் இப்படி ஈடு கிடைக்காது, உனக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. காலியான நாற்காலியில் இன்னொருவர் உட்கார நேரம் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆகவே இன்றைக்கே லீக் ஆர்பிட்டருக்கு எழுது. பெயர், எந்தச் சுற்றிலிருந்து ஆட முடியாது, குடும்பக் காரணம், சிரமத்துக்கு மன்னிக்கவும். இவ்வளவு போதும், நீளமாக வேண்டாம். அவர் பதில் போடும்வரை வேலை முடிந்ததாக நினைக்காதே. பேரிங் நேரம் நெருங்கினால் போனில் கூப்பிடு. தினசரிப் போட்டியில் அந்தக் கோட்டை முடிவாட்டம் உனக்கு விட மனமில்லை என்று எழுதியிருந்தாய். அந்த எதிராளிக்குத் தனியாக ஒரு செய்தி போடு. போட்டிக் கணக்கில் என்ன ஆனாலும், அதே நிலையை வைத்து நட்பு ஆட்டமாகப் பிறகு முடிக்கலாமா என்று கேள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

வேலை கிடைத்துத் திரும்பும்போது ஒரே ஒரு போட்டியில் சேர். பெயர் கொடுப்பதற்கு முன் அதன் அட்டவணையை உன் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள். எதில் சேரலாம் என்று குழப்பமாக இருந்தால் இதே ஆர்பிட்டரிடம் கேள். நேரத்தோடு சொல்லிவிட்டுப் போனவர்களை அவர்கள் மறப்பதில்லை.

அன்புடன்,
அக்கா