கடைத்தெருவும் கடல் கடந்த கணக்கும்

செகந்திராபாத்தை அடுத்த மாரெட்பள்ளி, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. அங்குள்ள கடைத்தெருவில் அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்தும் எவர்சில்வர் பாத்திரக் கடை ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அக்கடையின் ஆண்டு விற்பனை 60 இலட்சம் ரூபாய். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறு வணிகர்களுக்கு அதில் இணக்கமுறை என்னும் எளிய வழி உண்டு. விற்பனையில் 1 விழுக்காட்டை வரியாகச் செலுத்தினால் போதும். ஆகவே இச்சகோதரர்கள் ஆண்டுக்கு 60,000 ரூபாய் கட்டுகின்றனர்.

எளிய வழிதான், ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இம்முறையில் உள்ள வணிகர் அவ்வரியை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. தம் இலாபத்திலிருந்தே கொடுக்க வேண்டும். மொத்த வணிகரிடம் சரக்கு எடுக்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் இயலாது. இனி, வருமான வரி. கூட்டாளிகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் ஊதியம் போக, கூட்டு நிறுவனத்தில் எஞ்சும் இலாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 விழுக்காடு வரி. அதன்மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. 2019ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட முறையைத் தேர்ந்தெடுக்கும் பெரிய உள்நாட்டு நிறுவனத்துக்கோ அடிப்படை விகிதம் 22 விழுக்காடுதான். இதைக் கேட்கும் எவருக்கும் முதலில் வியப்பே தோன்றும்.

விகிதத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பாத்திரக் கடையின் இலாபம் மாரெட்பள்ளியில் பிறக்கிறது. அங்கேயே கணக்கில் ஏறுகிறது. அதை வேறு ஊருக்கு எடுத்துச்செல்லச் சகோதரர்களுக்கு வழியில்லை. பல நாடுகளில் கிளை விரித்த நிறுவனத்துக்கு அவ்வழி உண்டு. தன் வணிகப் பெயரின் உரிமையை வரி குறைந்த நாடொன்றில் உள்ள துணை நிறுவனத்துக்குச் சொந்தமாக்கலாம். பிற நாட்டுக் கிளைகள் அப்பெயரைப் பயன்படுத்துவதற்காக அத்துணை நிறுவனத்துக்கு உரிமத்தொகை செலுத்தும். அத்தொகை செலவாகக் கழிக்கப்படுவதால், பொருள் விற்ற நாட்டில் இலாபம் மெலிகிறது. வரி குறைந்த நாட்டில் பெருக்கிறது. விற்பனை எங்கே நடந்ததோ அங்கே இலாபம் தங்குவதில்லை.

வரி ஏய்ப்பு, வரி தவிர்ப்பு என்னும் இரண்டும் ஒன்றல்ல. வருமானத்தை மறைப்பதும் பொய்க் கணக்கு எழுதுவதும் ஏய்ப்பு, அது குற்றம். சட்டம் விட்டுவைத்த இடைவெளியில் நுழைந்து வரியைக் குறைப்பது தவிர்ப்பு. சிறு வணிகர் அனைவரும் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. “பில் வேண்டாமென்றால் விலையைக் குறைத்துத் தருகிறேன்” என்னும் குரல் எல்லாக் கடைத்தெருக்களிலும் கேட்பதுதான். அது ஏய்ப்பே. ஏய்ப்பவரைச் சட்டம் தண்டிக்கலாம். தவிர்ப்பவரை என்ன செய்வது என்பதே நீதிமன்றங்களை நெடுங்காலமாக வருத்திவரும் கேள்வி.

அக்கேள்விக்கு ஐதராபாத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. மெக்டவல் என்னும் மது உற்பத்தி நிறுவனத்தின் ஐதராபாத் ஆலை தொடர்பான வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குவோரே ஆயத்தீர்வையை நேராக அரசுக்குச் செலுத்தியதால் அத்தொகை தன் விற்பனைக் கணக்கில் சேராது என்றது நிறுவனம். சேரும் என்றது நீதிமன்றம்; போலியான ஏற்பாடுகளை வரித் திட்டமிடல் என்று கொள்ள முடியாது என்றும் எச்சரித்தது.

அடுத்த வழக்கு இன்னும் நுட்பமானது. வரப்பிரசாத் ரெட்டி 1993இல் ஐதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ்-பி நோய்க்கான தடுப்பூசி அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளுக்கு எட்டாத விலை. 1997இல் சாந்தா நிறுவனம் அத்தடுப்பூசியை உள்நாட்டிலேயே உருவாக்கி மிகக் குறைந்த விலைக்கு வெளியிட்டது. பின்னர் அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் பிரான்சு நாட்டின் மேரியூ குழுமத்திடம் சென்றன. அவற்றை வைத்திருந்தது ஷான்-எச் என்னும் பிரெஞ்சு நிறுவனம். 2009இல் சனோஃபி குழுமம் சாந்தாவை வாங்கியபோது, சாந்தாவின் பங்குகளை நேராக வாங்கவில்லை. அவற்றைக் கைக்கொண்டிருந்த ஷான்-எச் நிறுவனத்தை வாங்கியது. விற்றவரும் வாங்கியவரும் பிரெஞ்சுக்காரர். கைம்மாறியதும் பிரெஞ்சு நிறுவனத்தின் பங்குகளே. தடுப்பூசி செய்த கூடங்களும் உழைத்த ஊழியர்களும் ஐதராபாத்தில் இருந்தபடியே இருந்தனர்.

பங்குகளுக்கு மதிப்பு ஐதராபாத்தில்தானே உண்டாயிற்று, ஆகவே இலாபத்தின் மீது இந்தியாவுக்கு வரி உரிமை உண்டு என்றது வருமான வரித்துறை. அப்போது மூசி ஆற்றங்கரையில் இருந்த ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. ஷான்-எச் வரிக்குத் தப்புவதற்கென்றே எழுப்பிய போலி நிறுவனம் அன்று என்றும், இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கையின்படி அவ்வரி பிரான்சுக்கே உரியது என்றும் தீர்ப்பளித்தது. உடன்படிக்கையில் எழுதியிருப்பதை நீதிமன்றம் உள்ளபடி படித்தது. அதில் குறைகாண இடமில்லை. அவ்வாறு எழுதியது நியாயமா என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்படாத கேள்வி.

இதே வகையில் வோடஃபோன் வழக்கும் பேசப்பட்டது. 2007இல் ஹட்சிசன் குழுமத்தின் இந்தியக் கைப்பேசி வணிகம், கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு வழியாக வோடஃபோனுக்குக் கைம்மாறியது. வரித்துறை 11,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தியது. இடைவெளியை அடைப்பது அரசின் கடமை. ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றுவது வேறு. 2021இல் அம்முன்தேதிக் கோரிக்கைகள் சட்டத்தின் மூலமே கைவிடப்பட்டன.

தனியொரு நாட்டால் அடைக்க முடியாத இடைவெளி இது. 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகள், ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்கள் எங்கு இலாபம் காட்டினாலும் குறைந்தது 15 விழுக்காடு வரி செலுத்த வேண்டும் என்று உடன்பட்டன. உடன்பட்ட எல்லா நாடுகளும் அதைச் சட்டமாக்கிவிடவில்லை. மாரெட்பள்ளிக் கடையிலோ காலாண்டு முடிந்ததும் வரி கட்டவேண்டிய தேதி வந்துவிடுகிறது.

பயிற்சி

1. பொருள் வேறுபாட்டைச் சொந்த எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக: வரி ஏய்ப்பு, வரி தவிர்ப்பு.

2. ஆண்டுக்கு 45 இலட்சம் ரூபாய்க்கு விற்கும் பாத்திரக் கடை இணக்கமுறையில் செலுத்தும் வரி எவ்வளவு? அதை யார் ஏற்கிறார்?

3. பிரித்து எழுதுக: வரியேய்ப்பு, கைம்மாறியது, அவ்வழி.

4. சாந்தா நிறுவனம் தொடர்பான வழக்கில் வரித்துறையின் வாதத்தையும் உயர் நீதிமன்றத்தின் முடிவையும் உரையாடலாக எழுதுக. பாத்திரக் கடைச் சகோதரர்களுள் ஒருவரையும் உரையாடலில் பேசவிடுக.